கடைசி நிலையத்து வாசகர்கள்

1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் ரயில் ஓடியதில்லை. ஆனால் அச்சுக்கூடம் இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியிலேயே நாகர்கோவிலில் அச்சு இயந்திரத்தை நிறுவிவிட்டார். ரயில் வந்து சேர அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அச்சு முன்னும் ரயில் பின்னுமாக வந்த இந்த வரிசைதான் எங்கள் ஊர்க்காரர்களின் பயண நினைவுகளையும் வாசிப்பு நினைவுகளையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரணியல் பக்கத்துச் சிறுமியான நான் ரயிலை முதலில் கண்டது வார இதழ்த் தொடர்கதை ஒன்றின் ஓவியத்தில். ஜன்னலோரத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கதாநாயகி, தலைக்கு மேலே ஒரு சூட்கேஸ், எதிர் இருக்கையில் முகம் தெரியாதபடி செய்தித்தாளை விரித்திருக்கும் ஓர் ஆண்: ரயில் என்றால் இவ்வளவும் கட்டாயம் இருக்கும் என்றுதான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பியிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் ரயிலைப் பற்றிப் பேசும் அதிகாரம் என் அம்மாவின் தம்பியிடம் இருந்தது. மாமாவுக்கு ஆர்.எம்.எஸ். என்று சொல்லப்படும் ரயில் அஞ்சல் பிரிவில் வேலை. ஓடுகிற வண்டியின் அஞ்சல் பெட்டிக்குள் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, சுவரை ஒட்டிய மரச் சட்டத்தின் சிற்றறைகளில் போட வேண்டும். அதனால் திருநெல்வேலி, தாழையூத்து, கங்கைகொண்டான், மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று மதுரை வரையிலும், அதற்கு அப்பாலும், அவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது காலாவதியாகிப்போன தெற்கு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எனக்கென்று எடுத்து வருவார். பாடநூல் அல்லாமல் நான் அட்டை முதல் அட்டை வரை படித்த முதல் தடித்த புத்தகம் அதுதான். போகிற வண்டிக்கு நேரத்தை மேலிருந்து கீழாகவும் வருகிற வண்டிக்குக் கீழிருந்து மேலாகவும் படிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான பெருமிதம், பிற்காலத்தில் எந்த நாவலின் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்தபோதும் உண்டானதில்லை. எந்த நிலையத்தில் சாப்பாடு கிடைக்கும், எங்கே தங்கும் அறை இருக்கிறது, எந்த வண்டி எந்தக் கிழமையில் ஓடாது என்பதற்கெல்லாம் சிறுசிறு குறிகள் இருந்தன. அந்தக் குறிகளை வைத்துக்கொண்டு, போகவே முடியாத ஊர்களுக்கெல்லாம் திண்ணையில் இருந்தபடி வண்டி மாறிப் போய்வருவேன்.

அந்தப் புத்தகத்தோடு ஒரு வரைபடமும் இருந்தது. அதில் கிழக்கே எங்கள் பக்கமாக வரும் ஒரு கோடு திருநெல்வேலியோடு நின்றுவிடும், மேற்கே திருவனந்தபுரத்தோடு இன்னொரு கோடு நின்றுவிடும். இரண்டையும் இணைப்பது, 1904இல் மலையைக் குடைந்து போட்ட செங்கோட்டை–கொல்லம் பாதை. திருநெல்வேலியில் ஏறி, தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்று எங்கள் மாவட்டத்தைத் தொடாமலே ஒரு சுற்றுச் சுற்றித் திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாம். அந்தச் சுற்றுக்குத் தெற்கே, கடல் வரையிலும், வெறும் வெள்ளைத்தாள்.

“இதுல நம்ம ஊரு எங்க மாமா?” என்று கேட்டேன்.

“நம்ம ஊரு இன்னும் அச்சுல ஏறல்ல மக்களே. அடுத்த புக்குல வரும்” என்றார் மாமா. அவர் சொன்ன அடுத்த புத்தகம் வருவதற்குள் நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான 87 கிலோமீட்டர் அகலப்பாதை 1979இலும், நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு இணைக்கும் பாதை 1981இலும் திறக்கப்பட்டன. இரணியல், பள்ளியாடி, குழித்துறை என்ற பெயர்கள் அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம், ரயிலையே நேரில் பார்த்தபோது கிடைத்ததைவிட ஒரு பங்கு கூடுதல் என்பதை இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பாதை வந்த பிறகுதான், கடைசி ஊரில் இருப்பதில் வாசகனுக்கு ஒரு சலுகை இருப்பது தெரிந்தது. நடுவழி ஊர்க்காரர்களுக்கு ரயில் என்பது ஏற்கெனவே நிரம்பி வருகிற ஒன்று. நள்ளிரவில் ஏறி, தூங்குகிறவர்களின் கால்களை விலக்கி, தன் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். எங்களுக்கோ அது காலியாகக் கிடைக்கிறது. வண்டி புறப்பட வெகுநேரம் முன்பே கன்னியாகுமரி நடைமேடையில் வந்து நின்றுவிடும். பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, தண்ணீர் பாட்டிலைக் கொக்கியில் தொங்கவிட்டு, சாப்பாட்டுப் பொதியை ஓரமாக வைத்துவிட்டு, வண்டி அசைவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்துவிடலாம். சக பயணிகள் சுசீந்திரத்திலும் நாகர்கோவிலிலும் ஏறும்போது நாம் கதைக்குள் வெகுதூரம் போயிருப்போம். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த ஊர், யார் வீடு, கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை, சம்பளம் எவ்வளவு என்று படிப்படியாக ஏறும் கேள்விகளை, விரித்துப் பிடித்த ஒரு புத்தகம் இரண்டாவது படியிலேயே நிறுத்திவிடும். மெல்லிய இதழ்களுக்கு அந்த வலு இல்லை, “படிச்சிட்டு தாறியளா?” என்று கேட்டு அதையே பேச்சின் தொடக்கமாக்கிவிடுவார்கள். கேள்விகளைத் தடுக்க வேண்டுமென்றால் குறைந்தது நானூறு பக்கமாவது வேண்டும்.

எந்தப் புத்தகத்தை எடுத்துப் போவது என்பதைத் தீர்மானிப்பது ரசனை அல்ல, தூரம். சென்னைக்கு ஏறத்தாழ 740 கிலோமீட்டர், ஓர் இரவு. மாலையில் கிளம்பும் வண்டியில் ஆரல்வாய்மொழி வரைக்கும்தான் பகல் வெளிச்சம். அதன்பின் எல்லோரும் சாப்பிட்டு, நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டி, விளக்கை அணைத்துவிடுவார்கள். இந்தப் பயணத்துக்குச் சிறுகதைதான் சரி. ஸ்லீப்பர் வகுப்பில் படுக்கைக்கென்று தனி விளக்கு கிடையாது என்பதால், கதை பாதியில் நின்றால் கைகழுவும் இடத்தருகே எரியும் விளக்கின் கீழ் போய் நின்று முடிக்க வேண்டியதுதான். கழிவறை வாடையையும் கதவிடுக்கில் வரும் காற்றையும் பொறுத்துக்கொண்டு அப்படி நின்று படிக்கிற இன்னொருவரைப் பார்த்துவிட்டால், ஒரு வார்த்தை பேசாமலே ஒரு நட்பு உண்டாகும். படுக்கைகளில் எனக்குப் பிடித்தது சைடு லோயர். இரண்டு பக்கமும் முதுகு சாய்த்துக் கால் நீட்டிக்கொள்ளலாம், ஜன்னல் முழுவதும் நமக்கே. ஆர்ஏசி சீட்டில் இன்னொருவரோடு அதைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால் மட்டும் அது தண்டனை. மேல் படுக்கையில் மின்விசிறி காதருகே இரைந்து பக்கங்களைப் புரட்டிவிடும். நடுப் படுக்கை வாசிப்புக்கென்று உருவாக்கப்பட்டதல்ல.

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி செல்லும் வண்டியில், தோவாளையைத் தாண்டும் வரை வயலும் தென்னையும் குளமுமாக இருக்கும் நிலம், மலைகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிடும் அந்த இடத்தில் சில நிமிடங்களுக்குள் பனையும் உடைமரமுமாக மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கும் அதுவே காரணம். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எதையும் படிக்க முடியாது. பணகுடி தாண்டும் வரை கட்டைவிரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே பார்ப்பேன். திருவனந்தபுரத்திலிருந்து வரும் வண்டியானால் அதற்கு முன்பே இன்னொரு இடையூறு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டிகளுக்கு நாகர்கோவில் சந்திப்பில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் அங்கிருந்து பின்னோக்கிப் போவார்கள், புத்தகத்தின் மீது விழும் வெயிலும் பக்கம் மாறிவிடும். இப்போது சில வண்டிகள் சந்திப்புக்கு வராமல் நாகர்கோவில் டவுன் வழியாகவே போய்விடுகின்றன. நேரம் மிச்சம் என்கிறார்கள். எஞ்சின் மாற்றும் அந்த இடைவெளியில் நடைமேடைக் கடையில் நின்று இதழ்களைப் புரட்டியவர்களுக்கு அது நஷ்டம்தான்.

1984இல் தொடங்கப்பட்ட ஹிமசாகர் எக்ஸ்பிரஸ், வாரத்தில் ஒரு நாள் கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்குக் கிளம்பியது. இன்று அதையும் தாண்டி கட்ரா வரை போகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல், மூன்று இரவுகள். என் தம்பி பட்டாளத்தில் இருந்தான்; ஜம்முவில் குடும்பத்தோடு தங்க அவனுக்கு வீடு கிடைத்த ஆண்டின் கோடை விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் போனேன். எதிர் இருக்கையில், விடுமுறை முடிந்து திரும்பும், கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பட்டாளக்காரர் ஒருவர். அவருடைய இரும்பு டிரங்குப் பெட்டியில் சீருடைக்கு மேலே, செய்தித்தாளில் சுற்றிய மாத நாவல்கள் அடுக்காக இருந்தன. பளபளக்கும் அட்டை, உள்ளே பழுப்புத் தாள், மர்மக்கதைகளும் குடும்பக் கதைகளும் கலந்த அடுக்கு. எதற்கு இத்தனை என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“பாறசாலை தாண்டினா மலையாள புக்கு. பொறவு கோயம்புத்தூர்ல நம்ம எழுத்து வரும். காட்பாடி வரைக்கும் கெடைக்கும் அம்மா. அதுக்கு அங்கோட்டு தமிழ்ல ஒரு துண்டுச்சீட்டு கிட்டாது. இதயாக்கும் ஒரு வருசத்துக்கு ஓட்டணும்.”

எங்கள் மாவட்டத்திலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு மட்டும் உள்ள விசித்திரம் இது. தமிழ்நாட்டின் தென்கோடியில் ஏறியவர் உடனே கேரளத்துக்குள் நுழைந்து, ஒரு பகல் முழுக்க அதைக் கடந்து, வாளையாறுக்குப் பிறகு மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து, காட்பாடியோடு இரண்டாவது முறையாக விடைபெற வேண்டும். ஆகவே கோவைக்கும் காட்பாடிக்கும் இடைப்பட்ட நிலையங்களில் வண்டி நிற்கும்போதெல்லாம், எந்த நேரமானாலும், ராணுவக்காரர்கள் இறங்கி ஓடிப்போய்க் கையில் கிடைத்த இதழை வாங்கி வந்தார்கள். பட்டாளக்காரர் தன் நாவல்களை ஒருவேளைக்கு ஒன்று என்று படிக்கவில்லை. ஒரு நாவலைத் தொடங்கி, பாதியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு, சீட்டு விளையாடப் போய்விடுவார்; மறுநாள்தான் மீதி. முகாமில் ஒரு புத்தகம் கைமாறிக் கைமாறி அட்டை போன பிறகும் ஓடும் என்றும், கடைசிப் பக்கம் கிழிந்துபோன நாவல்களில் கொலைகாரன் யார் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தேநீர் வாங்கித் தருவதுண்டு என்றும் சொன்னார். நான் என் கையிலிருந்த மொழிபெயர்ப்பு நாவலைக் காட்டியபோது, புரட்டிப் பார்த்துவிட்டு, “பேரு எல்லாம் வாயில நுழையல்லியே மக்களே” என்று திருப்பித் தந்தார். நாக்பூர் வெயிலில் அந்த நாவலின் பசைக்கட்டு இளகி, பக்கங்கள் கொத்தாகக் கழன்று வந்தன. அவற்றைத் தனித்தனித் தாளாக அவர் கேட்டு வாங்கி, நான் முடிக்க முடிக்கப் படித்துக்கொண்டே வந்தார். குவாலியர் வருவதற்குள் வாயில் நுழையாத பெயர்களெல்லாம் நுழைந்துவிட்டிருந்தன. அந்தக் கதாநாயகியின் கணவனை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கோடையில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: நூலால் தைத்துக் கட்டிய புத்தகமாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

இதற்கு நேர்மாறானது சீசன் டிக்கெட் வாசிப்பு. திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, நான் இரணியலிலிருந்து தினமும் போய்வந்த ஆண்டுகளில், காலைப் பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில் யாருடைய கையும் சும்மா இருக்காது. ஒருத்தி பயறு நறுக்குவாள், ஒருத்தி சீனியவரைக்காய்க்கு நார் எடுப்பாள், தோவாளைப் பூவை ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவரும் அக்கா பிச்சி கட்டுவார். சமையல் வேலை கொண்டுவராதவள் நான் மட்டுமே என்பதால் வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. வாரத் தொடர்கதையை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன். குழித்துறைப் பாலத்தில் வண்டியின் இரைச்சல் எழும்போது நிறுத்திவிட்டு, பாலம் முடிந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும், அதற்குள் “அவ தாலிய கழத்தினாளா இல்லியா, வாசி பிள்ளே!” என்று குரல் வரும். நெய்யாற்றின்கரையில் ஏறும் மலையாளப் பெண்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே தவிர, கேட்டால் எல்லாம் புரியும். பதிலுக்கு அவர்கள் மலையாள வாரிகைகளில் வரும் தொடரை எங்களுக்குச் சொல்வார்கள். நான் மலையாள எழுத்தைக் கற்றதும் அந்தப் பெட்டியில்தான்: பாறசாலை முதல் நேமம் வரையிலான நிலையப் பலகைகளில் தெரிந்த ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, பிறகு வாரிகையின் தலைப்புகளுக்கு வந்து, ஓராண்டு கழிவதற்குள் தொடர்கதைக்கே வந்துவிட்டேன். ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஏதாவது ஒரு நிலையத்தில் வண்டி கிடந்துவிடும் மாலைகள் அடிக்கடி வரும். ஆண்கள் இறங்கி நின்று ரயில்வேயைத் திட்டுவார்கள். எங்கள் பெட்டியில் அடுத்த அத்தியாயம் தொடங்கும்.

சத்தமாக வாசிக்கத் தொடர்கதை. தனியாக வாசிக்க, 1829இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் பொது நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகங்கள். இவை இரண்டும் ஒரே பயணத்தில் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பாடு இலக்கியத் தரம் பற்றி நடந்த எத்தனையோ வாதங்களில் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

இந்திய ரயில்வே தன் வண்டிகளுக்குப் புத்தகங்களின் பெயரைச் சூட்டுவதில் தாராளம் காட்டியிருக்கிறது. ஹவுராவுக்கும் மும்பைக்கும் இடையே கீதாஞ்சலி, மும்பையிலிருந்து வடக்கே போகும் கோதான், காமாயனி, செங்கோட்டைக்கும் சென்னைக்கும் இடையே சிலம்பு என்று பட்டியல் நீளும். எங்கள் பங்குக்குக் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போகிறது. 133 அதிகாரங்களுக்காக 133 அடியில் எழுந்து 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கும் ஊரிலிருந்து அந்தப் பெயரோடு வண்டி கிளம்புவது பொருத்தம்தான். ஆனால் பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே ஒரு குறளைக்கூட நான் கண்டதில்லை. பெட்டிக்குப் பத்துக் குறளை எழுதி வைத்தால் பெரிய செலவாகாது.

நடைமேடைப் புத்தகக் கடைகளைப் பற்றி எல்லோரும் புலம்புவதையே நானும் புலம்ப வேண்டியதில்லை. வடக்கே 1877இல் அலகாபாத்தில் தொடங்கிய வீலர் நிறுவனமும், தெற்கே 1844 முதல் இருந்துவரும் ஹிக்கின்பாதம்ஸும் ரயில் நிலையங்களைப் பெரிய புத்தகச் சந்தையாக்கின. இன்று அத்தகைய கடைகள் பலவற்றில் பிஸ்கட்டும் செல்போன் ஒயரும் முன்வரிசைக்கு வந்து, இதழ்கள் கயிற்றில் தொங்குகின்றன. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகையைக் கட்டுவது ஒயர்தான். 2024இல் நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ஓடத் தொடங்கியதும் ஆசையோடு ஏறினேன். மூடிய கண்ணாடி, ஆடாத இருக்கை, பக்கத்தைப் புரட்டாத காற்று, பகல் முழுக்க வெளிச்சம் என்று வாசிப்புக்கு இதைவிட வசதியான ரயில் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. என் பெட்டியில் கையில் புத்தகம் வைத்திருந்தவர்கள் நானும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனும். அவனும் கோவில்பட்டிக்கு மேல் தூங்கிவிட்டான்.

அடுத்து அசாமின் திப்ருகார் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறுவதாக இருக்கிறேன். 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த வண்டிக்கு எதை எடுத்துப் போவது என்று இரண்டு வாரமாக அலமாரிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு நூல் கட்டுப் போட்ட மூன்று பாகங்களைக் கட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். துணிமணிகளைக் குறைக்காமல் மூன்றையும் ஒரே பையில் திணிக்க முடியாது என்று வீட்டில் சொல்கிறார்கள். துணியைக் குறைத்துவிட வேண்டியதுதான்.